புள்ளி அட்டைகள்

அந்த வீட்டுக்கு ரேடியோவைக் கடையிலிருந்து யாரும் வாங்கி வரவில்லை. அது அங்கேயே பிறந்தது. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வாயை மூடக் கற்றுக்கொள்ளாத மகளுக்கு அப்பா வைத்த பேர் அது. பதினாறு வயதாகியும் பேர் போகவில்லை, பேச்சும் ஓயவில்லை. பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. அதனால் என்ன, அந்தக் கட்டடத்தில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதிலிருந்து கீழ்வீட்டுக்காரர் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார் என்பது வரை முதல் தகவல் அவளிடமிருந்துதான் கிளம்பும். படியில் சத்தம் மாறிவிட்டதாம்.

அம்மா தையல்காரி. மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும்தான் வீடு. முன்னறை முழுக்கத் தையல். ஜன்னலோரம் மிஷின். பக்கத்தில், ஒரு காலத்தில் சாப்பாட்டு மேஜையாக இருந்து இப்போது துணி வெட்டும் மேஜையாகிவிட்ட ஒன்று. சுவர் நெடுக ஆணிகள். ஆணிகளில் காலர், கை, முன்பக்கம், முதுகு என்று அளவு அட்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். துணியின் மேல் அட்டையை வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக் கத்திரியை ஓட்டினால் ஒரே அளவில் எத்தனை சட்டை வேண்டுமானாலும் வந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடச் சீருடைதான் அவளுடைய பிழைப்பு. வருஷக் கடைசியில் அடுத்த வருஷத்துக்கான ஆர்டர் வந்துவிடும். அதற்கப்புறம் அவள் சாப்பிடுவதும் மிஷின் மேல்தான், சண்டை போடுவதும் மிஷின் மேல்தான்.

அந்த வருஷம் பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைத் துணியெல்லாம் நமுத்துப்போய் ஊசி இறங்க மறுத்தது. ஜன்னலை மூடினால் வெளிச்சம் இல்லை, திறந்தால் சாரல். தையல்காரி வானத்தையும் துணிக்கடைக்காரரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, இது ஊமையாயிடுச்சு."

"சார்ஜ் போட்டியா?" பெடலிலிருந்து அவள் காலை எடுக்கவில்லை.

"அதெல்லாம் நிறைய இருக்கு. நேத்து அப்டேட்னு ஒண்ணு வந்து தானா ஏறிச்சுல்ல, அதுக்கப்புறம்தான். இதைக் கேளேன் நீ."

ரேடியோ தன் படிப்பு டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். தையல் மூலைக்குள் அவள் வரமாட்டாள். வரக்கூடாது என்று உத்தரவு. அங்கே நின்றபடியே திரையில் விரலை நகர்த்தினாள். அதற்குள்ளிருந்த குரல் சொன்னது: "படம். படம். பொத்தான். படம்."

"வரலாறு மூணாவது பாடத்தைப் படின்னா 'படம்'ங்குது. என்ன படம்னு தொட்டா 'பொத்தான்'ங்குது. இது எனக்கு ஆகாதும்மா. உனக்குத்தான் சரிப்படும். காஜா எடுத்து வெச்சுடு."

தையல்காரி சிரித்துவிட்டாள். மகளும் சிரித்தாள். விஷயம் எவ்வளவு பெரியது என்று அந்த நிமிஷம் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

ரேடியோ படித்ததெல்லாம் அந்தக் குரலை வைத்துத்தான். பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் டேப் கொடுத்து, புத்தகம் முழுவதையும் ஒரு ஆப்பில் போட்டிருந்தது. திரையில் இருக்கும் எழுத்தை அந்தக் குரல் வாசிக்கும், அவள் காதில் வாங்கிக்கொள்வாள். வேகத்தைக் கூட்டிக் கூட்டி, வேறு யார் கேட்டாலும் தேனீ இரைகிற மாதிரி இருக்கும் அளவுக்குப் போயிருந்தாள். இப்போது வந்த புதுப் பதிப்பில் பக்கங்களெல்லாம் வண்ண வண்ணப் படங்களாகியிருந்தன. வரைபடம் நகர்கிறது, எழுத்து மினுங்குகிறது. பார்க்கிற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். படத்துக்குள் இருக்கும் எழுத்து அந்தக் குரலுக்கு எழுத்தே இல்லை.

கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தவள் வேறு குரலில் சொன்னாள். "என் குறிப்பெல்லாம்கூடக் காணோம்மா. நான் பேசிப் பேசி வெச்சிருந்தேன்ல, ஒவ்வொரு பாடத்துக்கும். ஒண்ணுகூட இல்ல."

பெடல் அப்போதுதான் நின்றது.

மறுநாள் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருந்ததால் கட்டடமே வெறிச்சென்று இருந்தது. கம்ப்யூட்டர் சாருடைய அறை மாடிப்படிக்குக் கீழே. அந்த அறையில் முன்பு பிரெய்ல் வகுப்பு நடந்தது. இப்போது அலமாரி நிறைய டேப்கள் வயரில் தொங்கிக்கொண்டு சார்ஜ் ஏறின. நல்ல மனுஷன் அவர். கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இவர்களைப் பார்த்ததுமே கழற்றிவிட்டார்.

"தப்பு நம்ம பக்கம் இல்லம்மா. ஆப் நடத்துற கம்பெனியிலயே மாத்திட்டாங்க. நான் அன்னிக்கே எழுதிப் போட்டேன்."

"பழசையே திரும்பப் போட்டுடுங்களேன் சார். புது மாடல் சரியா வரலேன்னா நாங்க பழைய அட்டையை எடுத்து வெட்டறதில்லையா?"

"உங்க அட்டை உங்க வீட்டு ஆணியில தொங்குது. இது அவங்க வீட்ல இருக்குங்கம்மா. அவங்க மூடிட்டா மூடினதுதான். பழசுன்னு ஒண்ணு இப்ப எங்கயுமே இல்ல."

"எப்பதான் சரி பண்ணுவாங்களாம்?"

"அடுத்த பதிப்புல பேச வெச்சுடுவோம்னு பதில் வந்திருக்கு."

"பரீட்சைக்கு முன்னாடியா?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் மிச்சமில்லை.

"பரீட்சையில எழுதித் தர ஆள் போட்டுடுவோம். இவ சொல்லச் சொல்ல அவங்க எழுதுவாங்க. அந்தக் கவலையே வேண்டாம்."

"ஆள் இருப்பாங்க சார்," என்றாள் ரேடியோ. "சொல்றதுக்குத்தான் என்கிட்ட ஒண்ணும் இருக்காது."

சட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எப்படியும் நாள் பூராவும் பேசிக்கொண்டுதான் இருக்கப்போகிறேன், அதைக் கோர்ட்டில் போய்ப் பேசினால் மரியாதையாவது கிடைக்கும் என்பாள். அந்தப் படிப்பில் சேர இந்தப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும்.

கம்ப்யூட்டர் சார் திடீரென்று நிமிர்ந்தார். "இரு இரு. புள்ளி டீச்சர் போறப்ப உங்களுக்குப் புஸ்தகம் குடுத்தாங்களே? பிரெய்ல் புஸ்தகம், மேல் வகுப்புக்கும் சேர்த்து? வரலாறும் மொழிப்பாடமும் அதேதான் இன்னும் நடக்குது. ஒரு வரி மாறல."

ரேடியோவின் முகத்தில் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. "ஐயோ, ஆமா! எனக்குத் தோணவே இல்ல பாருங்க. பரண்ல இருக்கு சார். அம்மா கட்டிப் பத்திரமா வெச்சிருக்காங்க. இல்லம்மா?"

"ம்," என்றாள் தையல்காரி.

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

புள்ளி டீச்சர் என்பவர் ரேடியோவுக்குச் சின்ன வயதிலிருந்து பிரெய்ல் கற்றுக்கொடுத்தவர். டேப் வந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, இனிமேல் பிரெய்ல் வகுப்பு வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து முதலில் பேசியவள் தையல்காரிதான். "என் விரலைப் பாருங்க, ஊசி குத்திக் குத்திச் சல்லடையாக் கெடக்கு. என் பொண்ணும் விரலைத் தேச்சுத்தான் படிக்கணுமா? மத்த பிள்ளைங்க கையில இருக்கறதே இவ கையிலயும் இருக்கட்டும். காது இருக்கு, அது போதும்," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். மகளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. பிள்ளைமேல் இருந்த ஆசையில்தான் பேசினாள்.

வேலை போன புள்ளி டீச்சர் வெளியூரில் இருக்கும் மகனோடு போய்ச் சேரும் முன் ஒரு காரியம் செய்தார். பிரெய்ல் அச்சகத்தையும் மூடப்போகிறார்கள் என்று தெரிந்து, மேல் வகுப்புப் பாடங்களையெல்லாம் எங்கெங்கோ சொல்லி வரவழைத்து, இந்த வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். "அவ கேக்கறாளோ இல்லையோ, வீட்ல கெடக்கட்டும். இது கெட்டுப்போற சாமான் இல்ல," என்றார். பிரெய்ல் புத்தகம் என்றால் சும்மா இல்லை. கனத்த தாள், அதில் புடைத்த புள்ளி, ஒரு பாடத்துக்கே கட்டுக் கட்டாக வரும். ரேடியோவின் அப்பாதான் மூன்று மாடி தூக்கி வந்து போட்டார். அவர் பஸ் டிரைவர். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனை இப்படியா வாட்டுவது என்று ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம்தான் தையல்காரிக்கு முதல்முறையாகப் பெரிய ஆர்டர் வந்தது. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துச் சீருடை, எல்லா வகுப்புக்கும், எல்லா அளவிலும். அத்தனை அளவுக்கும் புது அட்டை வெட்ட வேண்டும். மளிகைக் கடைப் பெட்டியில் கிழித்த அட்டை மடங்கிவிடும், காலண்டர் அட்டை போதாது. மூலையில் அந்தக் கட்டுகள் தூசி பிடித்துக் கிடந்தன. தாளைத் தொட்டுப் பார்த்தாள். விறைப்பாக, ஓரம் மடங்காமல், இதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு புத்தகத்திலிருந்து நாலு தாள் எடுத்தாள். ஒன்றில் கை வைத்தபிறகு அடுத்ததற்கு யோசனை எதற்கு? பெரிய துண்டுக்கு இரண்டு தாளை ஒட்டிக்கொண்டாள். வரலாறு, மொழிப்பாடம் எல்லாம் காலராகி, கையாகி, முதுகாகி ஆணியில் ஏறின. ஓரத்தில் விழுந்த துண்டுகள் நூலோடும் பிசிறோடும் குப்பைக்குப் போயின.

இதையெல்லாம் அவள் மகளுக்கு ஒளித்துச் செய்யவில்லை என்பதுதான் பின்னால் அவளை அறுத்தது. ரேடியோ அவள் காலடியிலேயே உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு புதுக்குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே என்று சொல்ல முடியாத எதிரே வைத்து வெட்டினாள்.

அதற்கு முன்பெல்லாம் தையல் மூலைதான் ரேடியோவின் இடம். பொத்தான்களைத் தடவிப் பிரித்து நூலில் கோர்த்துக் கொடுப்பாள். "முதுகை எடு" என்றால் ஆணியிலிருந்து முதுகை எடுத்துத் தருவாள். அட்டைகள் ஆணியில் ஏறிய அன்றே தையல்காரி சொல்லிவிட்டாள்: "இனிமே இந்தப் பக்கம் வராத. கீழ ஊசி கிடக்கும்." ரேடியோ கதவோரத்துக்குப் போய்விட்டாள். தான் இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரும் வழியெல்லாம் ரேடியோவுக்குப் பேச்சு நிற்கவில்லை. "விரல் மறந்துதான் போயிருக்கும்மா. பரவால்ல, தூசி தட்டினா வந்துடும். மொதல்ல மெதுவாத்தான் வரும். என் கையில இருந்தா போதும், நானே முன்ன பின்ன திருப்பித் திருப்பிப் படிச்சுக்குவேன். யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்." தையல்காரி குடையை மகள் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு முழுக்க நனைந்தாள்.

அன்று சாயங்காலம் டிரைவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சேதியைக் கேட்டதும் ஏணிக்கு எழுந்துவிட்டார். "தூக்கின எனக்குத்தானே தெரியும் அதோட அருமை! இப்பவே எறக்கிடறேன்."

"உக்காருங்க. மேல ஒரே ஒழுக்கு. ஏணியும் கீழ்வீட்ல இருக்கு. உங்களுக்கு லீவு வரட்டும், மெதுவா எறக்கலாம்."

"புஸ்தகம் நனையாதா அப்ப?"

"பிளாஸ்டிக்ல சுத்தித்தான் வெச்சிருக்கேன்." பொய் சொல்ல ஆரம்பித்தால் அது எவ்வளவு வழவழப்பாக வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

லீவு வரும்வரை வாசித்துக்காட்டுவது என்று முடிவாயிற்று. பார்க்கிறவர்களுக்குத்தான் டேப்பில் எல்லாம் தெரிகிறதே. டிரைவர் வேலை முடிந்து வந்து டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்து வாசிப்பார். பஸ்ஸில் நிறுத்தம் கூவுகிற குரலிலேயே வரலாறு வரும். பாதி வாக்கியத்தில் குரல் இழுக்கும், தலை தொங்கும்.

"அப்பா, ராஜா கோட்டை வாசல்லயே நிக்கறாரு."

"ம்... எறங்கு எறங்கு, கடைசி ஸ்டாப்," என்பார் தூக்கத்திலேயே.

அம்மா வாசித்தால் இன்னும் மோசம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எட்டாவதோடு நின்றவள். மினுங்குகிற எழுத்தைப் பிடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். அவள் வாசித்தால் மிஷின் நின்றுவிடும். மிஷின் ஓடினால் மகள் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு பாராவை மறுபடி படிக்கச் சொல்ல ரேடியோவுக்குத் தயக்கம். "இன்னொருக்கா... இல்ல, வேணாம்மா, போதும். புஸ்தகம்தான் வருதே," என்பாள். புஸ்தகம்தான் வருதே என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் தையல்காரி சொல்லிவிட வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் ஊசியில் நூல் கோர்க்கப் போய்விட்டாள்.

லீவு வந்தது. ஏணியும் வந்தது. மதியம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. டிரைவர் மேலே ஏறினார். ரேடியோ ஏணிக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது, பழைய தலகாணியும் மிஷின் மூடியும்தான் இருக்கு," என்று பரணுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இந்தா, ஒண்ணு இருக்கு."

"அது அறிவியல்," என்றாள் தையல்காரி. பாடம் மாறிப்போன அந்த ஒரு கட்டு மட்டும்தான் முழுசாகக் கிடந்தது. கத்திரி அதுவரைக்கும் போவதற்குள் அட்டை போதுமானதாகிவிட்டது.

"மத்ததெல்லாம் எங்க? எங்கம்மா வெச்ச?" என்றாள் ரேடியோ.

தையல்காரி ஆணியிலிருந்து ஒரு முதுகு அட்டையை எடுத்து, ஏந்தியிருந்த அந்தக் கைகளில் வைத்தாள்.

ரேடியோ முதலில் ஓரத்தைத் தடவினாள். தோள், கைக்குழி, பக்கவாட்டு. "முதுகுதானே இது? இதை எதுக்கு என்கிட்ட..." விரல் உள்ளே வந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அவள் விரல்களைத் தவிர அந்த அறையில் எதுவும் அசையவில்லை.

"இதுல எழுத்து இருக்கும்மா."

"ஆமா."

"எல்லாமே இப்படியா?"

"எல்லாமே."

"எப்ப வெட்டின?"

"பெரிய ஆர்டர் வந்துச்சுல்ல, அந்த வருஷம்."

ரேடியோ யோசித்தாள். "அப்ப நான் உன் காலடியிலதானே உக்காந்திருந்தேன்? கத்திரி சத்தம் கேட்டுச்சு. கனமான துணின்னு நெனச்சேன்." விரல் மறுபடி அட்டையின் ஓரத்துக்குப் போயிற்று. "அதுக்குத்தான் ஊசி கிடக்கும்னு சொன்னியா?"

"அதுக்குத்தான் கண்ணு."

டிரைவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். கோபக்காரர்தான். ஆனால் சுவர் நிறையத் தொங்கிய அட்டைகளைப் பார்த்ததும் கிட்டே போய் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தினமும் பார்க்கிற அட்டைகள். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. "ஒரு வார்த்தை அவகிட்டக் கேட்டிருக்கலாமேம்மா," என்றார். "வேணுமான்னு ஒரு வார்த்தை."

"டேப்தான் இருக்கேன்னு நெனச்சேன். இனிமே இது யாருக்குன்னு நெனச்சேன்," என்று தையல்காரி சொன்னாள். அவள் காதுக்கே அது ஒரு சமாதானமாகப் படவில்லை.

ரேடியோ அழவில்லை, கத்தவில்லை. அட்டையைத் தடவி மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ரேடியோ பாடவில்லை. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரர் செருப்பை மாற்றினாரா, மாடிவீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்ததா, ஒரு சேதியும் இல்லை. மிஷின் சத்தத்தை மீறி இத்தனை வருஷம் கத்திக் கத்திப் பேசியவள் இல்லாமல், மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. தையல்காரிக்கு அது தாங்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே இருந்தாள், தொண்டை கட்டும்வரை. ஆர்டர் பாதி அப்படியே கிடந்தது. மகள் கேட்டுக்கொண்டாள். இன்னொருக்கா என்று மட்டும் கேட்கவில்லை.

பரீட்சை வந்து போயிற்று. மற்றதிலெல்லாம் தேறினாள், காதில் விழுந்ததை வைத்தே. வரலாறு போயிற்று. சட்டப் படிப்புக்கு அடுத்த வருஷம்தான். "ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்," என்று டிரைவர் சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பழைய ரேடியோவாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் அவரை ஓட்டியிருப்பாள்.

முடிவு வந்து சில நாள் கழித்து டேப்பில் மறுபடி ஏதோ தானாக ஏறியது. உள்ளறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது, தேனீ வேகத்தில், எழுத்து எழுத்தாக, ஒரு வார்த்தை விடாமல். அடுத்த பதிப்பில் பேச வைத்துவிடுவோம் என்று சொன்னவர்கள் சொன்னபடி செய்துவிட்டார்கள். தையல்காரி பெடலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மகள் கூப்பிடுவாள் என்று பார்த்தாள். குரல் கொஞ்ச நேரம் வாசித்தது. பிறகு நின்றுவிட்டது. நிறுத்தியது ரேடியோதான்.

அவள் வந்து கதவோரத்தில் நின்றாள். பிறகு ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"ஊசி கிடக்குதா?"

"இல்ல கண்ணு. ஒண்ணும் இல்ல. வா."

பழைய இடத்திலேயே, மிஷினுக்குக் கீழே, அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அந்த அட்டைங்களைக் குடு," என்றாள்.

"எதுக்கு? இதான் பேசுதே இப்ப?"

"பேசட்டும். அது எத்தனை நாளைக்குப் பேசும்னு யாருக்குத் தெரியும்? எனக்கு விரல் வரணும்."

தையல்காரி ஆணிகளிலிருந்து கொத்துக்களைக் கழற்றி மகளைச் சுற்றிப் பரப்பினாள். வெயில் வந்துவிட்டிருந்தது. ஜன்னல் வழியாக வெளிச்சம் அட்டைகள் மேல் விழுந்து புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு நிழல் கொடுத்தது. இத்தனை வருஷம் கையாண்டவள், அவை எழுத்துக்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ரேடியோ ஒரு காலரை எடுத்தாள். பாதி வார்த்தையில் தொடங்கி பாதி வார்த்தையில் முடிந்தது. அடுத்து ஒரு கை அட்டையை எடுத்தாள். விரல் தட்டுத் தடுமாறிப் போனது, குழந்தை நடை பழகுகிற மாதிரி. தப்பாக வாசித்து, திரும்பி வந்து, திருத்திக்கொண்டாள். முன்பு இதில் ஓடியவள்.

"இது என்ன எழுத்தும்மா? நேரா ஒரே புள்ளியாப் போகுது. நிக்கவே மாட்டேங்குது. ஒரு அர்த்தமும் வரல."

தையல்காரி குனிந்து பார்த்தாள். கைமடிப்பு வரும் இடத்தைக் குறிக்க, புள்ளித் தடம் போடும் பல்சக்கரத்தை அட்டையின் பின்பக்கம் ஓட்டியிருந்தாள். அது முன்பக்கம் புள்ளி புள்ளியாகப் புடைத்து, இருந்த வரிகளுக்குக் குறுக்கே போயிருந்தது.

"அது பாடம் இல்ல. நான் சக்கரம் ஓட்டினது."

"ஓ. நீ எழுதினதா," என்றாள் ரேடியோ. கிண்டலா இல்லையா என்று தெரியவில்லை. அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். முன்பக்க அட்டை, சின்ன வகுப்புப் பிள்ளையுடைய அளவு. விரல் அதில் கொஞ்சம் சரளமாகப் போயிற்று. வாய்விட்டு வாசித்தாள்.

"'இந்தக் காலத்தில் மக்கள் தங்கள் ஊரை விட்டு நகரங்களுக்கு வந்து குடியேறியதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று. முதலாவது...'"

விரல் அட்டையின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது.

பரீட்சையில் இந்தக் கேள்விதான் வந்திருந்தது. எழுதித் தர வந்த பெண் பேனாவோடு காத்திருந்ததையும், தன்னிடம் சொல்ல ஒன்றும் இல்லாததையும் ரேடியோ வீட்டில் சொல்லியிருந்தாள், அந்த ஊமை நாட்களில், ஒரே வரியில்.

"முதல் காரணம் எங்கம்மா?"

தையல்காரிக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும். "அந்த இடம் கழுத்து, கண்ணு."

"வெட்டின துண்டு?"

"கூட்டித் தள்ளிட்டேன்."

ரேடியோ விளிம்பிலேயே விரலை வைத்து, தோளில் தொடங்கி நடுமார்பு வரைக்கும் அந்த வளைவு முழுவதையும் மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். திரும்பவும் ஒருமுறை போனாள்.

"நல்லா வெட்டியிருக்கம்மா," என்றாள். "எங்கயுமே பிசிறில்ல."